இரு கடல் கடந்த தாளம்

‘ஹிப் ஹொப்’ என்னும் இசை நம் இல்லங்களிலே ஒரு சிறு வழக்கையே உண்டாக்கிவிட்டது. “பாட்டென்றால் இராகம் வேண்டாமா? இது பாட்டா, பேச்சா, ஏச்சா?” என்று பெரியோர் வினவுகின்றனர். “தாளம் இருக்கிறதே, அது போதாதா?” என்று பிள்ளைகள் விடையிறுக்கின்றனர். இஃது அமெரிக்காவில் விளைந்த அயற்சரக்கு என்பதில் மட்டும் இரு திறத்தாரும் ஒத்துப்போகின்றனர். அந்த ஒற்றுமைதான் ஆராயத்தக்கது. ஏனெனில், அத்தாளத்தின் உறவுமுறையார் நம் புத்தளக் கரையிலேயே பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆந் திகதி, நியூ யோர்க் மாநகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் வீதி 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பிலே இளைஞர் விருந்தொன்று நடந்தது. ஜமேக்காவிற் பிறந்து அங்கு குடியேறிய கிளைவ் கம்பெல் என்பவர் அன்று இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். ‘கூல் ஹேர்க்’ என்பது அவருடைய மேடைப் பெயர். ஒரு பாட்டிலே குரல் ஓய்ந்து, முரசொலி மட்டும் எழும் சில விநாடிகளே ஆடுவோரைப் பெரிதும் கவர்வதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்று முடிய மற்றொன்றைத் தொடக்கி, அச்சில விநாடிகளை நெடுநேரம் நீளச்செய்தார். அத்தாளத்தின்மேல் ஒலிவாங்கியைப் பிடித்துச் சந்தத்தோடு பேசுவோர் தோன்றினர். கறுப்பின இளைஞரும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞரும் கைக்கெட்டிய இசைத்தட்டுப் பெட்டியையே வாத்தியமாக்கிக்கொண்டனர்.

சில ஆண்டுகள்வரை இக்கலை விருந்துகளிலும் கைமாறும் ஒலிநாடாக்களிலுமே பெரும்பாலும் உலவிற்று. 1979இல் ‘சுகர்ஹில் காங்’ என்ற மூவர் குழு ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்னும் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. மறு ஆண்டில் அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பும் வந்தது. ஓரிரவோடு மறைந்துபோகும் ஒலி, கடையில் வாங்கி வீட்டிலே வைத்துக்கொள்ளும் பொருளாயிற்று. ஒரு குழுவின் முதல் தொகுப்பென்பது அதன் பிறப்பத்தாட்சிப் பத்திரம் போன்றது. பாடினோர் யார், பாடியது யாது, எம்மொழியிற் பாடினர் என்பதற்கெல்லாம் அது சான்றாகி நிற்கிறது.

தமிழுக்கும் அத்தகைய சான்று ஒன்று கிடைத்தது. மலேசியத் தமிழரான யோகி பி, டாக்டர் பேர்ன், எம்ஸீ ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’ என்ற பெயரில் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் தொகுப்பே அது. முழுமையான தமிழ் ஹிப் ஹொப் தொகுப்புகளுள் முன்னோடியாக அது போற்றப்படுகிறது. 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ திரைப்படத்திற்காக இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாட்டை அடித்தளமாக்கி, அதன்மேல் தம் சொற்களை அடுக்கினர் அவ்விளைஞர். தந்தையார் விரும்பிக் கேட்ட மெட்டும் மகன் விரும்பும் தாளமும் ஒரே பாட்டிற் சந்தித்தன. அதே பத்தாண்டில் இலங்கையிலிருந்து கிருஷான் மகேசனும் தமிழில் ராப் பாடிப் பெயர் பெற்றார். தமிழ்நாட்டில் ‘ஹிப் ஹொப் தமிழா’ குழுவினர் 2012இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டனர். ‘சொல்லிசை’ என்ற அழகிய தமிழ்ப் பெயரும் இக்கலைக்கு வாய்த்தது. சிந்தும் சந்தமும் லாவணியும் கண்ட மொழிக்கு, தாளத்தின்மேற் சொல்லை ஓடவிடுவது புதிய வித்தையன்று. ஆகவேதான் வந்த விருந்தாளி விரைவில் வீட்டுப்பிள்ளையாயிற்று.

நிற்க. ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அடிமைக் கப்பல்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தோரின் வழித்தோன்றல்களே அமெரிக்கக் கறுப்பின மக்கள். அக்கண்டத்தின் கிழக்குக் கரையிலிருந்து இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்தோரும் உளர். போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும், மொசாம்பிக் முதலிய இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாகவும் படைவீரராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். 1803இல் ஆங்கிலேயர் கண்டிமீது தொடுத்த போரிலே ஆபிரிக்க வீரரும் இருந்தனர். இந்நாட்டில் அடிமை முறை 1844இற் சட்டத்தால் ஒழிந்தது. ஆங்கிலப் படையிற் பணிபுரிந்து புத்தளத்தில் நிலைத்தோரின் சந்ததியினரே, நகரை அடுத்த சிராம்பியடியில் இன்று வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் என்பர் ஆய்வாளர்.

உப்பளமும் களப்பும் சூழ்ந்த இக்கரையில் அம்மக்கள் காத்துவந்த பெருஞ்செல்வம் ‘மஞ்ஞா’ என்னும் பாட்டு. றபானும் டோலக்கும் முழங்கும். அவற்றோடு சிரட்டையும் சிரட்டையும் மோதும். வெறும் போத்தலைக் கரண்டி தட்டும். பாட்டு மெல்லத் தொடங்கும். சிறு அடியொன்றைத் திரும்பத் திரும்பப் பாடுவர். தாளம் படிப்படியாக விரைவுகொள்ள, அமர்ந்திருந்தோர் எழுந்து ஆடுவர். காதலும் கடலும் அன்றாட வாழ்வும் இப்பாட்டுகளின் பொருள்.

பிரொங்ஸ் இளைஞரின் இசையும் இதுவும் ஒன்றென்று கூறுதல் தவறாகும். பிறந்த கரைகள் வேறு, கடந்த கடல்கள் வேறு, காலமும் வேறு. ஆயினும் ஓர் ஒற்றுமை கருத்தைக் கவர்கிறது. அங்கே இசைத்தட்டுப் பெட்டி வாத்தியமாயிற்று. இங்கே அடுக்களைச் சிரட்டையும் கரண்டியும் வாத்தியமாயின. உடைமை யாவும் இழந்தோரும் தாளத்தை இழக்கவில்லை.

அத்தாளம் நம் காதுக்கும் புதிதன்று. கல்யாண வீட்டிலே பைலா தொடங்கியதும் கால்கள் தாமே அசைகின்றன அல்லவா? போர்த்துக்கேய, ஆபிரிக்க இசைமரபுகள் கலந்த ‘காப்ரிஞ்ஞா’ ஆடலிசையிலிருந்து வளர்ந்ததே பைலா. அதனைச் சிங்கள மக்களிடையே புகழ்பெறச் செய்தவர் வொலி பஸ்தியன். ‘சுராங்கனி’ பாட்டால் தமிழர் இல்லந்தோறும் அச்சுவையைப் பரப்பியவர் ஏ. ஈ. மனோகரன். நாம் ஆடிய ஆட்டத்திற்குச் சிராம்பியடியாரின் முன்னோரும் கடன் கொடுத்தோரே.

இத்துணைச் சிறப்புடைய மஞ்ஞாவுக்கு நேர்ந்திருக்கும் இடர் யாது? அப்பாட்டுகள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. சிராம்பியடியின் இளந்தலைமுறை வீட்டிலும் வெளியிலும் பேசுவது சிங்களம். பாட்டியிடம் கேட்ட ஒலியைப் பேத்தி பிழையின்றிப் பாடுகிறாள். அச்சொல்லின் பொருளை வினவினால் திகைக்கிறாள். ‘வல்லவன்’ பாடிய இளைஞருக்குத் தாளம் அயலிலிருந்து வந்தது. மொழி தாய்மொழியாக இருந்தது. சிராம்பியடிப் பிள்ளைகளுக்கோ தாளம் குருதியில் ஊறியது. மொழி கைநழுவிப் போகிறது. பொருள் அறியாத பாட்டு சில காலம் நிற்கும். பின்னர் ஓரெழுத்து மாறும், ஓரடி உதிரும், ஈற்றில் மெட்டு மட்டுமே எஞ்சும்.

சிராம்பியடிக் கலைஞர் ‘சிலோன் ஆபிரிக்கன் மஞ்ஞா’ என்ற குழுவாகக் கொழும்பு மேடைகளிலும் பாடியுள்ளனர். மேடைக் கைதட்டல் மகிழ்ச்சி தரும். ஆயினும் அது சொல்லைக் காக்காது. ஒவ்வொரு பாட்டையும் ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும், பாட்டின் பொருளையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் அக்கலப்பு மொழியை இன்னும் பேசுகின்றனர். பொருளறிய அவர்கள் துணைபுரியக் கூடும். இவையனைத்தும் பாடுவோரின் சம்மதத்தோடு நடைபெறவேண்டும்; வரும் புகழும் ஊதியமும் முதலில் அவர்களுக்கே சேரவேண்டும்.

மாணவர்களே! உங்கள் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே இன்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம். புத்தளக் கரைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், வேடிக்கை பார்க்கும் எண்ணத்தை விடுத்து, மாணாக்கராகச் சென்று மூத்தோர் ஒருவரைப் பணிவோடு பாடச் சொல்லிக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும், “இதன் பொருள் என்ன, அம்மா?” என்று வினவுங்கள். அதற்கு விடை சொல்ல வல்லோர் இருக்கும்போதே அதனை எழுதிக்கொள்ளுதல் நலம்.