ஓராண்டு வரி ஒரு வார உதவித்தொகைக்குக்கூடக் காணாது! தெரியுமா?

அமெரிக்காவில் வேலை போனால் அரசாங்கம் வாராவாரம் சும்மா பணம் கொடுக்கும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சும்மா இல்லை! அது காப்பீடு. அதற்கென்று தனி வரி இருக்கிறது. அந்த வரியைக் கட்டுவது யார் தெரியுமா? வேலை கொடுக்கும் நிறுவனம்! அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும்தான் தொழிலாளியின் சம்பளத்திலும் பிடிப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, கணக்கு வேறு. அந்தக் கணக்குகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது தெரியுமா? விஸ்கான்சின் மாநிலத்தில். பெருமந்தம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த 1932 ஜனவரியில் ஆளுநர் பிலிப் லா ஃபாலெட் கையெழுத்திட்ட சட்டம்தான் நாட்டிலேயே முதல். ஆனால் முதல் காசோலை வெளியே வந்தது 1936 ஆகஸ்டில். தொகை 15 டாலர். அதைப் பெற்ற தொழிலாளி வங்கிக்குப் போகவில்லை! திட்டத்தை நடத்திய அதிகாரி பால் ராஷன்புஷ், இது சரித்திரம் ஆயிற்றே என்று 25 டாலர் கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

மற்ற மாநிலங்களை வழிக்குக் கொண்டுவர ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் போட்ட கணக்கு இன்னும் அழகு. நாடு முழுக்க நிறுவனங்கள்மீது ஒரு மத்திய வரி. உங்கள் மாநிலத்தில் வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டம் இருந்தால் அதில் 90 சதவீதம் வரை கழிவு. இல்லாவிட்டால் முழுப் பணமும் மத்திய அரசுக்கு! எந்த மாநிலம் சும்மா இருக்கும்? 1937-க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன. இது மாநிலங்களை மிரட்டுவது ஆகாதா என்று வழக்குப் போனது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எத்தனைக்கு எத்தனை? ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு!

இனி கலிபோர்னியா. ஆச்சரியங்களின் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும்தான் அங்கே இந்த வரி. அதற்குமேல் எவ்வளவு வாங்கினாலும் ஒரு காசு கிடையாது. மத்திய அரசு 1983-ல் வைத்த குறைந்தபட்ச வரம்பு அது. மாநிலங்கள் விரும்பினால் உயர்த்திக்கொள்ளலாம். அதே மேற்குக் கரையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் ஆண்டுதோறும் உயர்த்துகிறது. 2025-ல் அங்கே வரம்பு 72,800 டாலர்! கலிபோர்னியா 7,000-லிருந்து அசையவே இல்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். 2025-ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வாரத்துக்கு 40 மணி நேரம் தரை துடைக்கும் ஒருவருக்கு 660 டாலர் வரும். பதினோராவது வாரத்திலேயே 7,000 ஆகிவிடும். மார்ச் பாதியில் அவர் பெயரில் கட்டவேண்டிய வரி முடிந்தது. அதே கட்டடத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வாங்கும் மென்பொருள் பொறியாளருக்கு? ஜனவரி பாதியில் முடிந்தது! ஒரே நிறுவனம், ஒரே வரி விகிதம் என்றால் இரண்டு பேருக்கும் கட்டும் தொகை ஒரு டாலர்கூட வித்தியாசப்படாது.

வரி விகிதம் இப்போது 1.5 முதல் 6.2 சதவீதம் வரை. ஆட்களை அதிகம் வேலைநீக்கம் செய்த நிறுவனத்துக்கு விகிதம் கூடும். 7,000 டாலரில் 6.2 சதவீதம் எவ்வளவு? 434 டாலர். ஒரு தொழிலாளிக்கு ஓராண்டில் கட்டவேண்டிய உச்ச வரியே அவ்வளவுதான். வேலை போனவருக்குக் கொடுக்கும் உச்சத்தொகை? வாரத்துக்கு 450 டாலர்! ஓராண்டு வரி ஒரு வாரத்துக்குக் காணாது. 26 வாரமும் வாங்கினால் 11,700 டாலர். அதை ஈடுகட்ட அந்த உச்ச வரியை ஏறக்குறைய 27 ஆண்டுகள் கட்டவேண்டும்!

இந்த முடிச்சு விழுந்தது 2001-ல். 230 டாலராக இருந்த உச்சத்தொகையைப் படிப்படியாக உயர்த்தி 2005-ல் 450 ஆக்கும் சட்டம் வந்தது. நியாயமான உயர்வு. ஆனால் செலவை ஏற்றியவர்கள் வரவைத் தொடவில்லை. அதோடு 450-யும் அங்கேயே நின்றுவிட்டது. நான்கு வாரத்துக்கு 1,800 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகைக்கே அது போதாது. அந்தத் தொகைக்கும் மத்திய வருமான வரி உண்டு என்பது தெரியுமா?

2008-க்குப் பிந்தைய மந்தத்தில் நிதி காலியாகி மத்திய அரசிடம் கடன் வாங்கினார்கள். அடைத்து முடித்தது 2018-ல். இரண்டே ஆண்டில் கொரோனா! மறுபடி ஏறக்குறைய 2,000 கோடி டாலர் கடன். மரண தண்டனைக் கைதிகளின் பெயரில்கூட விண்ணப்பம் போட்டுப் பணம் சுருட்டிய மோசடிதான் இதற்குக் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரிய மோசடிதான், ஆனால் அதில் பெரும்பகுதி போனது மத்திய அரசின் தனி நிவாரணப் பணம். மாநில நிதியைக் கவிழ்த்தது 7,000 டாலர் வரம்பு.

கடனை அடைக்காத மாநிலத்துக்கு என்ன தண்டனை? மத்திய வரியில் கிடைக்கும் கழிவு ஆண்டுதோறும் குறையும். ஒரு தொழிலாளிக்கு 42 டாலர் கட்டிவந்த கலிபோர்னிய நிறுவனம் 2022-ல் 63, அடுத்து 84, 105, 2025-ல் 126 கட்டவேண்டியதாயிற்று. ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பாத சின்ன உணவகத்துக்கும் இதே தண்டனை! வட்டியை இந்த வரிப் பணத்திலிருந்து கொடுக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்வதால், அது மாநிலத்தின் பொது நிதியில் கைவைக்கிறது.

வேலைநிறுத்தம் செய்பவர்களுக்கும் உதவித்தொகை தரும் மசோதா, ஹாலிவுட் போராட்டம் நடந்த 2023-ல் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் நியூசம் மறுத்துவிட்டார். காரணம், இதே கடன். வரம்பை உயர்த்திக்கொண்டே வந்த வாஷிங்டன் மாநிலமோ, 2026 ஜனவரி முதல் வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆறு வாரம் வரை கொடுக்கும் சட்டத்தைப் போட்டது.

மந்தமே இல்லாத ஆண்டுகளிலும் கலிபோர்னியாவின் இந்த நிதியில் வரவைவிடச் செலவு அதிகம் என்று அதன் சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம் 2024 இறுதியில் எச்சரித்தது. வரம்பை 46,800 டாலராக்குங்கள் என்பது அதன் பரிந்துரை. அதைச் செய்யாமல் இந்தக் கடன் தீராது என்பதே என் முடிவும்.

கலிபோர்னியாவில் வேலை செய்யும் உறவினர் உங்களுக்கு உண்டா? வேலை போனால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்கு தொடங்கும். முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் கிடையாது.