நேசிக்கப்பட்ட தலைமை

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறுகிறவர்கள், சானடோரியம் நிலையத்தைக் கடந்ததும் குரோம்பேட்டையைக் காண்பார்கள். குரோம் லெதர் என்னும் தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூரில்தான், தோல் வணிகத்தில் பெயர் பெற்றிருந்த ஒரு மனிதர் தம் முதுமைக் காலத்தில் எளிமையாக வாழ்ந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் முஹம்மது இஸ்மாயீல். மக்கள் இட்ட பெயர் காயிதே மில்லத். சமுதாயத்தின் வழிகாட்டி என்பது அதன் பொருள்.

அன்பார்ந்த வாசகர்களே! அப்பெயருக்கு முன்னால் நம் பெரியோர்கள் ஒரு சொல்லைத் தவறாமல் சேர்த்து வழங்கியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்' என்றே அவர்கள் சொல்வார்கள். வீரத்திற்குரிய என்றோ, வெற்றிக்குரிய என்றோ சொல்லவில்லை. ஏன் என்பதை இன்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், திருச்சியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி பயின்றவர். (அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937ஆம் ஆண்டில்தான். அவர் பயின்ற நாளில் அது ஜார்ஜ் டவுனில் இருந்தது.) ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்புக் கேட்டுப் பட்டப்படிப்பைத் துறந்தார், பின்னர் வணிகத்தில் ஈடுபட்டார், 1946ஆம் ஆண்டிலிருந்து சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார். இவையெல்லாம் வரலாற்று ஏடுகளில் உள்ளவை. நாம் நின்று நோக்க வேண்டிய இடம் 1948.

நாடு இரண்டாகப் பிரிந்து ஓராண்டு கூட நிறையவில்லை. இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம்களின் நெஞ்சில் அச்சம் குடிகொண்டிருந்தது. முன்னாளில் மேடையேறி முழங்கிய தலைவர்கள் பலர் எல்லை கடந்து போய்விட்டனர். இருந்தவர்களில் பலரும், இனித் தனி அமைப்பே வேண்டாம், கலைத்துவிடுவோம் என்றனர். அந்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள், இன்று இராஜாஜி மண்டபம் என வழங்கும் மண்டபத்தில் கூடியவர்கள் சிலரே. அச்சிலர் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவி, அதன் தலைமைப் பொறுப்பை இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் தோளில் ஏற்றினர். அன்று அப்பதவியில் பெருமை ஏதும் இல்லை. பழிச்சொல்லும் சந்தேகப் பார்வையுமே அதனோடு வந்த சீதனங்கள்.

அவருடைய அரசியல் முடிவுகளை நீங்கள் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். இப்பகுதி அதற்கான இடமன்று. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. எவரும் விரும்பாத பொழுதில் சுமையை ஏற்றவர் அவர்.

பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) என்னும் தோழருக்கு அறிவுரை பகர்ந்தார்கள். கேட்டுப் பெற்றவன் அப்பதவியோடு தனித்து விடப்படுவான். கேளாமல் வந்தடைந்தவனுக்கு இறைவனின் உதவி கிட்டும் என்பது அவ்வுரையின் சாரம். அபூதர் (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பை வேண்டியபோது, பெருமானார் அவர் தோளைத் தட்டி, அது ஓர் அமானிதம் என்றும், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றாதவர்க்கு மறுமை நாளில் அதுவே இழிவாகவும் வருத்தமாகவும் முடியும் என்றும் எச்சரித்தார்கள். ஈமான் உள்ள நெஞ்சம் பதவியைக் கண்டு முதலில் நடுங்கும். பிறகே கை நீட்டும்.

இனி அரசியல் நிர்ணய சபையை நோக்குவோம். 1948 நவம்பர் 23ஆம் நாள், எந்தச் சமூகத்தாரும் தத்தம் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை அவர் அங்கே முன்மொழிந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. அடுத்த ஆண்டு ஆட்சிமொழி பற்றிய விவாதம் மூண்டபோது, தமிழின் தொன்மையை அச்சபையில் எடுத்துரைத்தார். அங்கும் அவர் விரும்பியது நடந்தேறவில்லை. எண்ணிக்கையால் பார்த்தால் அவருடைய பொதுவாழ்வில் தோல்விகள் மலிந்து கிடக்கின்றன. ஆனால் தோற்றவர் வசை பாடினார், வெளியேறிச் சபித்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பெரியார், இராஜாஜி, அண்ணா என்று ஒருவரோடு ஒருவர் உடன்படாத பெருந்தலைவர்கள் அனைவருக்கும் மதிப்பிற்குரியவராக அவர் விளங்கினார். கண்ணியம் என்ற சொல் அவர்மீது எங்ஙனம் ஒட்டிக்கொண்டது என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

தோல்வியிலும் கனிவு மாறாதிருக்க வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்த களம் உஹத். மலைக் கணவாயில் ஐம்பது வில்லாளிகளை நிறுத்தி, எது நேரினும் இடம் பெயராதீர் என்று பெருமானார் (ஸல்) பணித்திருந்தார்கள். வெற்றி கிட்டிவிட்டதென எண்ணிப் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். விளைவு, எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். அண்ணலாரின் திருப்பல்லும் உடைந்தது. உலகத் தளபதிகள் எவராயினும் அத்தகைய கீழ்ப்படியாமைக்கு என்ன தண்டனை தந்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் திருமறையின் ஆல இம்ரான் அத்தியாயம் அந்நிகழ்ச்சியை அடுத்து அறிவிப்பது யாது? இறைவனின் அருளாலேயே நீர் அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டீர், கடுகடுப்பும் வன்னெஞ்சமும் உமக்கிருப்பின் அவர்கள் உம்மை விட்டுச் சிதறிப் போயிருப்பார்கள், அவர்களை மன்னியும், அவர்களோடு கலந்தாலோசியும் என்ற கருத்தையன்றோ அது உரைக்கிறது! தவறிழைத்தவர்களிடமே மீண்டும் ஆலோசனை கேட்கச் சொல்லும் கட்டளை அது. அன்பைத் தலைமையின் அணிகலனாக அன்றி, அதன் அச்சாணியாகவே மார்க்கம் வைத்துள்ளது.

மற்றொரு நபிமொழி இதனை இன்னும் தெளிவாக்குகிறது. நீங்கள் யாரை நேசிக்கிறீர்களோ, யார் உங்களை நேசிக்கிறார்களோ, நீங்கள் யாருக்காகப் பிரார்த்திக்கிறீர்களோ, யார் உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்களோ, அவர்களே உங்கள் தலைவர்களில் சிறந்தோர் என்பது அதன் கருத்து. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மலபாரைப் பாருங்கள். மஞ்சேரித் தொகுதியின் மக்கள் மலையாளம் பேசுவோர். இவரோ நெல்லைத் தமிழர். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர்கள் இவரையே நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். மொழியும் ஊரும் குறுக்கே நிற்கவில்லை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பச் சித்தமாக இருப்பதாக அவர் தெரிவித்த செய்தியும் பெரியோர் நாவில் இன்றளவும் வழங்குகிறது. பிறர் பிள்ளைகளைத் தியாகத்திற்கு அழைக்கும் தலைவர்கள் நிறைந்த உலகம் இது.

தலைமை என்றவுடன் நாடாளுமன்றத்தையே நினைக்க வேண்டுவதில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி வினவப்படுவீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்களே, அவ்வட்டத்திற்குள் இல்லத்தரசரும் இல்லத்தரசியும் அடங்குவர். பேரர் ஹஸன் (ரலி) அவர்களைப் பெருமானார் முத்தமிட்டபோது, அருகிலிருந்த அக்ரஃ என்பார், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்பது அவருக்குக் கிடைத்த விடை. பள்ளிக்கரணையிலோ பல்லாவரத்திலோ இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தையே! களைப்போடு நீங்கள் கதவைத் தட்டும் ஓசை கேட்டுப் பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, உள்ளறைக்குள் ஒளிகிறார்களா? உங்கள் தலைமையின் தராதரத்தை அறிய வேறு வாக்கெடுப்புத் தேவையில்லை.

வாக்கெடுப்பு என்றதும் ஒரு வருத்தமான நிகழ்ச்சி நினைவில் எழுகிறது. நம் தென்புறநகரில் ஒரு மஹல்லா, ஊர்ப்பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல் அங்கே நடைபெற்றது. நானும் அன்று அங்கிருந்தேன். முத்தவல்லி பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், சம்பந்தம் செய்துகொண்டவர்கள். கணக்குப் புத்தகம் குறித்துத் தொடங்கிய பேச்சு, குடும்பத்துப் பெண்களின் பெயர்களை இழுக்கும் அளவிற்குத் தாழ்ந்தது. வாக்கு எண்ணிக்கை முடிந்தது. ஒருவருக்கு மாலை விழுந்தது. மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய இடம் முதல் வரிசையில் காலியாக இருந்தது. நான் கூட அன்று ஒன்றும் பேசவில்லை. இரு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருந்தனர் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

1972 ஏப்ரலில் காயிதே மில்லத் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடங்கியிருக்கிறார். அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரியும், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் வழியில் மேடவாக்கத்தில் ஆடவர் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நான் சொன்ன மஹல்லாவின் அலுவலக அறையிலும் அவருடைய படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழேதான் அன்று நாற்காலிகள் உருண்டன.

வென்ற முத்தவல்லி ஆறு மாதங்கள் கழித்து ஒரு நாள் அப்படத்தின் கீழ் அமர்ந்து நெடுநேரம் மௌனமாக இருந்ததாக அப்பள்ளியின் மோதினார் என்னிடம் கூறினார். மறுநாள் பஜ்ருக்கு அரைமணி முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பிய அவர், நேரே தோற்றவரின் வாயிலில் போய் நின்று ஸலாம் உரைத்தார். முதல் நாள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தது, பதில் ஸலாம் வந்தது, தேநீரும் வந்தது. பள்ளிவாசலுக்கு மட்டும் அவர் இன்னும் திரும்பவில்லை. முத்தவல்லி அவ்வழியாகவே தினமும் போய்க்கொண்டிருக்கிறார்.