வழிகாட்டி இல்லாமல் வில் வேட்டைக்குப் போகிறீர்களா? அம்பை எடுப்பதற்கு முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆகஸ்ட் பாதி கழிந்ததும் ஒரு கூட்டம் வில்லோடு சமவெளிக்குக் கிளம்பும். சேஜ்பிரஷ் புதர்கள் மண்டிய வறண்ட நிலத்தில் மேயும் பிராங்ஹார்ன் என்ற விலங்கைத் தேடித்தான். உள்ளூர்க்காரர்கள் ஆன்டிலோப் என்பார்கள். அந்த நாட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலரையும் அலுவலக நண்பர்கள் இதற்குக் கூப்பிடுவதுண்டு. "கைடு தேவையில்லை, நாமே போகலாம். பசங்களையும் கூட்டிட்டு வா" என்று பேச்சு தொடங்கும்.

பெரிய விலங்கு வேட்டைகளிலேயே ஓரளவு குறைந்த செலவில் சொந்தமாகச் செய்யக்கூடியது இதுதான் என்பது உண்மை. ஆனால் கைடு வைத்துக்கொண்டால் எல்லை எது, விதி எது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். நாமே போகும்போது அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில். தெரியாமல் செய்தேன் என்ற பதில் அங்கே பெரும்பாலும் எடுபடாது. பிராங்ஹார்ன் மிகுதியாக வாழும் வயோமிங் மாநிலத்தை எடுத்துக்காட்டாக வைத்து உரிமை, ஆபத்து, தீர்வு மூன்றையும் பார்ப்போம். மற்ற மாநிலங்களில் விவரங்கள் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறா.

விலங்கு யாருடையது?

அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரரின் சொத்து அல்ல. மக்களின் சார்பில் மாநில அரசு அதைப் பாதுகாக்கிறது. எத்தனை விலங்கை, எந்தப் பகுதியில், எந்த நாட்களில் வேட்டையாடலாம் என்று வயோமிங்கில் வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறை ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. 2022–23 பனிக்காலத்தில் கடுங்குளிரும், மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற கிருமி தந்த நுரையீரல் நோயும் சேர்ந்து மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிராங்ஹார்ன் கூட்டங்களைக் கொன்று குவித்தன. அந்த ஆண்டு உரிமங்கள் ஆயிரக்கணக்கில் குறைக்கப்பட்டன. ஆகவே, போன வருடம் போன நண்பர் சொன்னதை வைத்து இந்த வருடம் திட்டமிடக் கூடாது.

உரிமம்: கடையில் வாங்குவதல்ல, குலுக்கலில் கிடைப்பது

வெளி மாநிலத்தவருக்கு பிராங்ஹார்ன் உரிமம் குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் வரும். மாநிலம் பல வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கிடைக்கும் உரிமம் அதில் எழுதிய பகுதிக்கும் அதில் எழுதிய வகைக்கும் மட்டுமே செல்லும். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு பகுதி என்றால், அங்கே நிற்கும் விலங்கு உங்களுக்கில்லை.

வில்லுக்குத் தனி உரிமம் வேண்டும். பல பகுதிகளில் ஆகஸ்ட் 15 அன்று தொடங்கும் சிறப்பு வில் பருவத்தில், பிராங்ஹார்ன் உரிமத்தோடு இந்த வில் உரிமமும் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு வனவிலங்குப் பாதுகாப்பு முத்திரையும் வாங்க வேண்டும். வில்லுக்கும் அளவு உண்டு: பிராங்ஹார்னுக்குக் குறைந்தது 40 பவுண்டு இழுவிசை. 1966 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வகுப்பிலும் இணையத்திலும் படிக்கலாம். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டுத் திண்டாடுபவர்கள் அதிகம்.

நண்பர்கள் சேர்ந்து ஒரே குழுவாக விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் எல்லாருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. முன்னுரிமைப் புள்ளிகள் சேர்த்து வைத்தவரும் புதிதாக வருபவரும் ஒரே குழுவில் இருந்தால் சராசரிதான் கணக்கில் வரும். பழைய ஆளுக்கு அதில் நட்டம். சேர்வதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

நிலம்: வழக்குகள் முளைக்கும் இடம்

விலங்கால் வருவதைவிட எல்லைக் கோட்டால்தான் அதிகச் சிக்கல் வருகிறது. வயோமிங்கில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதன் நில மேலாண்மைத் துறையின் நிலங்களில் பெரும்பாலானவற்றில் உரிமம் உள்ள எவரும் வேட்டையாடலாம். இது பொதுமக்களின் உரிமை. மாநில அறக்கட்டளை நிலங்களில் வேட்டையாடலாம், ஆனால் இரவு தங்கவும் தீ மூட்டவும் கூடாது. விண்ட் ரிவர் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் பழங்குடி நிர்வாகத்தின் விதிகளே செல்லும்.

தனியார் நிலத்தில் வேட்டையாட அனுமதி கட்டாயம். "வேலி இல்லையே, பலகை இல்லையே" என்ற வாதம் வயோமிங்கில் நிற்காது. பலகை இல்லாவிட்டாலும் அது தனியார் நிலமே. அனுமதியை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். பண்ணைக்காரர்கள் சிலர் கட்டணம் கேட்பார்கள். சிலர் கேட்பதற்கே வாய்ப்புத் தராமல் மறுப்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை. நிலத்துக்காரர்களோடு மாநில அரசு ஒப்பந்தம் போட்டு, பொதுமக்கள் நடந்து சென்று வேட்டையாட அனுமதிக்கும் இடங்களும் இருக்கின்றன. முதல் பயணத்துக்கு அவை நல்ல தொடக்கம்.

1862இல் ரயில் பாதை அமைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரமாக நிலம் கொடுத்தார்கள். அதனால் தெற்கு வயோமிங்கின் வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகைதான்: ஒரு சதுர மைல் பொதுநிலம், அடுத்தது தனியார், மறுபடி பொதுநிலம். இரண்டு பொதுநிலச் சதுரங்கள் ஒரு மூலைப் புள்ளியில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியின் மேல் காலைத் தூக்கி வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டலாமா?

2021இல் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர்கள் நான்கு பேர் எல்க் மவுண்டன் அருகே மூலையின் மேல் ஏணி வைத்துத் தாண்டினார்கள். அத்துமீறல் வழக்கில் 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. நிலத்துக்காரரின் நிறுவனம் தொடுத்த சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் பத்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பொதுநிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். பக்கத்து மொன்டானா அதில் இல்லை. மூலை எங்கே என்பதைத் துல்லியமாகக் கண்டுகொண்டு, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டியவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு இது. குத்துமதிப்பாகத் தாண்டுகிறவருக்கு இது கேடயமாகாது.

ஆகவே, நில உரிமை காட்டும் வரைபடச் செயலியை சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பொதுச் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்கேயோ அம்பு எய்யக் கூடாது. ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை டிரோன் பறக்கவிட்டு விலங்கைத் தேடுவதும் குற்றம்.

உடன் வருபவர்கள்

பிராங்ஹார்ன் வேட்டைக்குக் குறைந்தபட்ச வயது 12. அதற்குச் சிறிய குழந்தைகளும், உரிமம் இல்லாத குடும்பத்தினரும் உடன் வரலாம்; வில்லைத் தொடக் கூடாது, அவ்வளவே. ஒருவர் உரிமத்தில் இன்னொருவர் எய்யக் கூடாது. "மாமாவுக்குக் குறி சரியில்லை, நான் அடித்துத் தருகிறேன்" என்பது பாசமாகத் தோன்றலாம், சட்டத்தின் கண்ணில் இருவருமே குற்றவாளிகள்.

பணம் இன்னொரு கண்ணி. பெட்ரோல், சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வது சரி. ஆனால் "எனக்கு இவ்வளவு கொடு, நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுகிறேன்" என்று ஒருவர் கூலி பெற்றால், அது உரிமம் தேவைப்படும் வழிகாட்டித் தொழில். இப்படிச் சொல்லிப் பணம் கேட்கும் அறிமுகமில்லாதவரிடம் ஏமாறாதீர்கள். அவர் பெயர் மாநில வழிகாட்டிகள் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மோசடி என்றால் அங்கேயே புகார் செய்யலாம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விதிவிலக்கு உண்டு. வில் அந்தச் சட்டத்தின் துப்பாக்கி வரையறைக்குள் வராது. அதனால் பலருக்கு வில் வசதியாகத் தெரிகிறது. ஆனால் வேட்டைக் குற்றம் அபராதச் சீட்டோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் கைது, வழக்கு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்தியக் குற்றமாகவும் மாறும். ஒரு மாநிலத்தில் பறிபோன வேட்டை உரிமை, மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தின்படி பெரும்பாலான மாநிலங்களிலும் பறிபோகும்.

இன்னொன்று: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால், அவர்களுடைய பயணக் காப்பீடு எதையெல்லாம் விலக்குகிறது என்று வாசியுங்கள். வாடகை காரின் ஒப்பந்தத்தையும் வாசியுங்கள். மண் சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும்.

வெயில், மழை, கூர்முனை

பிராங்ஹார்ன் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. கண் மிகக் கூர்மை. வெட்டவெளியில் அம்பெட்டும் தூரத்துக்கு அதை நெருங்குவது கடினம். எனவே குட்டை ஓரத்தில் துணிக்கூடாரத்துக்குள் மறைந்து மணிக்கணக்கில் காத்திருப்பதே வழக்கம். ஆகஸ்ட் வெயிலில் அந்தக் கூடாரம் அடுப்பாகிவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வையுங்கள். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் வேட்டையை நிறுத்தி நிழலுக்குப் போய் உடலைக் குளிரவையுங்கள்.

பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வில்லை வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறுங்கள். மழை பெய்த களிமண் சாலையில் சக்கரம் புதைந்துபோகும். காயும்வரை காத்திருப்பதே புத்தி. ராட்டில் பாம்பு உள்ள நிலம் அது. புதருக்குள் கையை விடாதீர்கள். கைபேசிச் சிக்னல் இல்லாத இடங்கள் ஏராளம் என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி குழுவுக்கு ஒன்றாவது வேண்டும். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கோடையில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் நெருப்பு காட்டுத்தீயானால், அணைத்த செலவை உங்களிடமே கேட்பார்கள்.

வேட்டை அம்பின் முனை சவரக்கத்திக்குச் சமம். எய்யும் நேரம் வரும்வரை அதை மூடிய அம்பறையில் வையுங்கள். நாணில் அம்பைக் கோத்துக்கொண்டு நடக்காதீர்கள். ரத்தப் போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை முதலுதவிப் பையில் இருக்கட்டும், அதைக் கட்டத் தெரிந்தவரும் குழுவில் இருக்கட்டும். விமானத்தில் போனால் வில்லும் அம்பும் கைப்பையில் கூடாது; சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

அம்பு பட்ட பிறகு

பெரிய விலங்குக்குரிய சீட்டு உரிமத்தோடு வரும். விலங்கு விழுந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே அதில் தேதியிட்டு, கையெழுத்திட்டு, பிரித்து விலங்கோடு இணைக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம். ஆகஸ்ட் சூட்டில் இறைச்சி சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும் என்பதால், தோலை உடனே உரித்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஐஸ் வாங்கும் ஊர் எவ்வளவு தூரம் என்று அம்பு எய்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நண்பருக்குப் பங்கு கொடுத்தால், யார் வேட்டையாடியது என்ற ஆவணமும் கூடப் போகட்டும்.

சிக்கல் வந்தால் என்ன செய்வது?

*நிலத்துக்காரர் வந்து வெளியேறச் சொன்னால்:* வாக்குவாதம் வேண்டாம். நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பைப் பதிவு செய்யுங்கள், விலகுங்கள், அப்பகுதி வேட்டைக் காவல் அதிகாரியை அழையுங்கள். பொதுநிலத்தில் சட்டப்படி வேட்டையாடுபவரை வேண்டுமென்றே தடுப்பது வயோமிங்கில் குற்றம். முடிவு செய்ய வேண்டியவர் அதிகாரி.

*அடிபட்ட விலங்கு தனியார் நிலத்துக்குள் ஓடினால்:* பின்னாலேயே ஓடாதீர்கள். நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

*தவறான விலங்கைக் கொன்றுவிட்டால்:* மறைக்காமல், அங்கிருந்தே நீங்களாக அழைத்துச் சொல்லுங்கள். தவறு தவறுதான், ஆனால் தானே வந்து சொன்னவரையும் புதரில் ஒளித்துவிட்டுப் போனவரையும் அதிகாரிகளும் நீதிபதிகளும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

*அபராதச் சீட்டு கிடைத்தால்:* பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று அவசரப்படாதீர்கள். கட்டுவது பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். விசாவில் இருப்பவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஊருக்கு வரும்போது

கொம்பையோ இறைச்சியையோ முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே பழகிய கையை இங்கே காட்டவும் வேண்டாம். கிண்டியிலும் வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் மேயும் வெளிமான், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வில், துப்பாக்கி என்ற வேறுபாடு இல்லை. வாங்கக்கூடிய உரிமம் என்று எதுவும் இல்லை.

விதிகளும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறுவதால், அந்தந்த ஆண்டு துறை வெளியிடும் விதிநூலை வெளியானதுமே இறக்கிப் படியுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரின் உரிமம், சான்றிதழ், வரைபடம், காப்பீடு நான்கையும் மேசை மேல் வைத்துச் சரிபாருங்கள். ஒருவருக்கு ஏதோ ஒன்று குறைந்தால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அவர் வில் இல்லாமல் வரட்டும். சமையலும் தொலைநோக்கியும் அவர் பொறுப்பு. பார்ப்பதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.