சலரோகமும் பார்வை நரம்பும்

சலரோகம் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்துப் பார்வையைக் குன்றச் செய்யும் என்பது யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலும் அறியப்பட்ட விஷயம். சென்னை நகர மக்களிடையே நடத்தப்பெற்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சலரோகமுடையோரில் 17.6 சதவீதத்தினருக்கு இச்சேதம் இருந்ததெனக் கண்டது. ஆயின், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும், ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளமும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகளும் கொண்ட பார்வை நரம்பையும் இந்நோய் பாதிக்கக்கூடும் என்பதைச் சிலரே அறிவர்.

பார்வை நரம்பின் சேதத்தை அளக்க, கத்தியும் ஊசியும் இன்றி, காந்தசக்தியால் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவியை ஆய்வாளர் கையாள்கின்றனர். செம்மண் தோட்டத்து வாய்க்காலில் வரம்பு உறுதியாய் உள்ளவரை நீர் ஒரே திசையில் ஓடி, வரம்பு கரைந்தபின் பக்கமெல்லாம் பரவுவதுபோல, நரம்பிழைகள் செம்மையாயிருக்கையில் அவற்றின் வழியே நீள்திசையில் அசையும் நீர்மூலக்கூறுகள், இழைகள் நலிந்தபின் திசை குலைந்து பரவுகின்றன. அந்தப் பரவலையே கருவி கணக்கிடுகிறது. நரம்போ மெல்லியது, கண்ணோ ஓயாது அசைவது; ஆதலால் இவ்வளவீடு மிகக் கடினமானது, இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குரியதே.

நோயாளருக்கு வேண்டியது, கண்மணியை விரிக்கும் துளிமருந்திட்டு வைத்தியர் விழித்திரையைப் பார்க்கும் எளிய பரிசோதனையே. வயது வந்தபின் தோன்றும் சலரோகமாயின், நோய் கண்டறிந்த உடனேயும், பின்னர் வைத்தியர் குறிக்கும் தவணைகளிலும், பார்வை தெளிவாயிருப்பினும் அதனைச் செய்துகொள்ளல் வேண்டும். மருந்திட்டபின் சில மணிநேரம் கண் கூசுமாதலால், கிளினிக்குக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.