உங்களுக்குத் தெரியுமா? வந்து சேராத இழப்பீடு

புதுக்கோட்டையில், 1997-இல், பிரேமானந்தா சாமியாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தவர் அமர்வு நீதிபதி ஆர். பானுமதி. ஊத்தங்கரையில் பிறந்தவர், 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதியானவர்.

2006-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவரிடம் கேட்டது ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி. கிடைத்ததோ ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை! காளை வளர்ப்பவர்கள் அதை லேசில் மறப்பார்களா?

2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆறாவது பெண் நீதிபதி. நிர்பயா வழக்கில் தூக்கை உறுதிசெய்த அமர்வில் தனித் தீர்ப்பு எழுதினார். 2020-இல் விடைபெறும்போதுதான் வீட்டுக் கதையைச் சொன்னார்: இரண்டு வயதில் பேருந்து விபத்தில் அப்பாவை இழந்தாராம். அம்மா வழக்குப் போட்டு ஜெயித்தும், நடைமுறைச் சிக்கலில் இழப்பீட்டுப் பணம் கைக்கு வரவே இல்லையாம்.