சேற்றில் எடுபடும் விசை

1977-ஆம் ஆண்டு லக்ஸம்பர்க்கில் நடந்த உலக மோட்டோகிராஸ் போட்டியில், 500 சி.சி. பிரிவின் முதல் ஓட்டத்தை ஸ்வீடன் நாட்டு வீரர் பெங்க்ட் ஓபெர்க் வென்றார். 1969, 1970 என்று அடுத்தடுத்து இரண்டு முறை உலகச் சாம்பியனாக இருந்தவர் ஒரு ஓட்டத்தை வென்றதில் வியப்பில்லை. அவர் ஓட்டிய வண்டிதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. களத்தில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் வீறிட்டுக்கொண்டிருக்க, ஓபெர்க்கின் வண்டி தடதடவென்று அடித்தொண்டையில் உறுமிய ஃபோர்-ஸ்ட்ரோக். அந்தப் பிரிவில் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1964, 1965 இரண்டு ஆண்டும் பிஎஸ்ஏ வண்டியில் ஜெஃப் ஸ்மித் பட்டம் வென்றதோடு சரி. 1966-இல் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் செக் நாட்டு சிஇசட் டூ-ஸ்ட்ரோக்கில் பட்டத்தைத் தட்டிச் சென்றபின், பழைய இன்ஜின்களைப் பெரும்பாலோர் சீண்டவில்லை.

சீண்டியவர்களில் இருவர் முன்னாள் உலகச் சாம்பியன்கள்: டோர்ஸ்டன் ஹால்மன், ஸ்டென் லுண்டின். ஜப்பானின் யமஹா 1975-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்டி 500 என்ற வண்டியின் இன்ஜினை எடுத்து, எடை குறைந்த சட்டகத்தில் பொருத்தினார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து, ஓபெர்க் ஓட்டிய அந்த வண்டி எச்எல் 500 ஆயிற்று. பந்தயத்துக்கென்று பிறந்த இன்ஜின் அல்ல அது. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய வண்டியின் இன்ஜின். இன்றைக்கும் பழைய வண்டிகளுக்கான மண்தளப் பந்தயங்களில் அதைப் பிரித்து, அளந்து, மறுபடி பூட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் வேலைக்குள் இருக்கும் அறிவியல் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனென்றால், திறனைக் கூட்டுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் காரியம் உண்மையில் எவ்வளவு நுட்பமான அளவைப் பணி என்பதை இந்த ஓர் இன்ஜினே கற்றுக்கொடுத்துவிடும்.

எக்ஸ்டி 500-இன் சிலிண்டர் விட்டம் 87 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 84 மி.மீ. கொள்ளளவு 499 சி.சி. ஒரே சிலிண்டர், இரண்டு வால்வு, தலைக்குமேல் ஒரு கேம் தண்டு. காற்றால்தான் குளிர வேண்டும். அதிர்வைக் குறைக்கும் எதிர்ச்சமன் தண்டு எதுவும் கிடையாது. இவ்வளவு எளிய அமைப்புக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் மேல்பரப்பு ஏறக்குறைய 59 சதுர செ.மீ. எரிபொருள் வெடிக்கும் கணத்தில் அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் இறங்கும் விசை 3 டன். நிமிடத்துக்கு 6,500 சுழற்சியில் பிஸ்டன் மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2,000 மடங்குக்கு மேல். 400 கிராம் பிஸ்டன் ஒன்று அந்தக் கணத்தில் கனெக்டிங் ராடை 800 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது.

ஆகவே, வலுவைக் கூட்ட நினைப்பவர் முதலில் தொடுவது கார்புரேட்டரையோ சைலன்சரையோ அல்ல, கிராங்க் செட்டைத்தான். இதன் கிராங்க் ஒரே வார்ப்பாக வருவதில்லை. இரண்டு கனத்த சக்கரங்களையும் இடையிலுள்ள பின்னையும் பிரஸ்ஸில் அழுத்திக் கோத்திருப்பார்கள். பல ஆண்டு ஓடியபின் அந்தக் கோப்பில் கடுகளவு கோணல் விழுந்திருக்கலாம். கிராங்கை இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தி, டயல் கேஜின் முனையைத் தண்டில் வைத்து மெதுவாகச் சுற்றுவார்கள். முள் ஆடினால் கோணல் இருக்கிறது என்று பொருள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் அது அடங்கும்வரை செப்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். நல்ல பட்டறைக்காரர் இந்த வேலையில் அவசரப்படுவதே இல்லை.

அடுத்தது போரிங். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது நம்மூர் லேத் பட்டறைகளிலும் அன்றாடம் நடப்பதுதான். 87 மி.மீ. விட்டத்தை 90 ஆக்கினால் கொள்ளளவு 534 சி.சி.; அதாவது 7 சதவீதம் கூடுதல். ஆனால் பந்தயத்துக்குப் போடும் பிஸ்டன் பெரும்பாலும் வார்த்ததாக இருக்காது. அடித்து உருவாக்கியதாக இருக்கும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அடித்து உருவாக்கும் பிஸ்டனில் சேர்க்கப்படும் உலோகக் கலவை வழக்கமான வார்ப்புப் பிஸ்டனைவிடவும் அதிகம் விரியக்கூடியது. அதனால் இடைவெளியைச் சற்றுக் கூடுதலாக விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் லேசான தட்டல் சத்தம் கேட்கும். அதைப் பொறுக்காமல் இடைவெளியை இறுக்கிவிட்டால், முதல் நீண்ட மேட்டிலேயே பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். புதிய பிஸ்டனின் எடை மாறினால் கிராங்கின் எதிரெடைக் கணக்கும் மாறுகிறது. எதிர்ச்சமன் தண்டு இல்லாத இன்ஜினில் இது நேராகக் கைப்பிடிக்கு வந்து சேரும். ஓட்டுநரின் விரல்கள் மரத்துப்போகும்.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது கம்ப்ரஷன் கணக்கு. இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் 9-க்கு 1. அப்படியென்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதமிருக்கும் இடம் 62.4 சி.சி. விகிதத்தைப் பத்தாக்க அந்த இடம் 55.4 சி.சி. ஆக வேண்டும். குறைக்க வேண்டியது வெறும் 7 சி.சி., ஒன்றரைத் தேக்கரண்டி. சிலிண்டரின் மேல் மட்டத்தில் 1.2 மி.மீ. கடைந்தாலே போதும். இதை யூகத்தில் செய்ய முடியாது. சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி அதன்மேல் ஒட்டி, வேதியியல் ஆய்வகத்தில் இருக்குமே அந்த பியூரெட், அதிலிருந்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கி அளப்பார்கள். பிஸ்டன் தலையின் மேட்டையும் பள்ளத்தையும் தனியாக அளப்பார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? வெப்ப இயக்கவியலின் ஏட்டுக் கணக்குப்படி, விகிதம் 9-இலிருந்து 10 ஆனால் செயல்திறன் சுமார் 3 சதவீதம் கூடும். அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். 1.2 மி.மீ. கடைந்ததால் ஹெட் கீழே இறங்குகிறது. கேம் செயினின் நீளம் அப்படியே இருப்பதால் வால்வு டைமிங் சற்று நகர்ந்துவிடும். வால்வும் பிஸ்டனும் நெருங்கிவிடும். பிஸ்டன் தலையில் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்துப் பார்த்தால், வால்வு பதிந்த தடத்தில் எஞ்சியிருக்கும் களிமண்ணின் கனம்தான் உயிர் காக்கும் இடைவெளி. இதற்குமேல் நாக்கிங் அபாயம் இருக்கிறது. கிக்கரின் உதையும் இருக்கிறது. 500 சி.சி. ஒற்றை சிலிண்டரைக் காலால் உதைத்துக் கிளப்புவது விளையாட்டல்ல. பிஸ்டன் சரியான இடத்தில் நிற்கிறதா என்று காட்ட யமஹா தன் ஹெட்டில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரமே வைத்தது. அழுத்தத்தைத் திறந்துவிட ஒரு லீவரும் கொடுத்தது. இவற்றை மதிக்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

கார்புரேட்டர், கேம், சைலன்சர் எல்லாவற்றுக்கும் சந்தையில் உதிரிகள் கிடைக்கின்றன. காசு கொடுத்து மாட்டிவிடலாம். அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். அதிக நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம் தண்டு, அதிக சுழற்சியில் மூச்சுவிட இடம் கொடுத்து உச்சத் திறனைக் கூட்டும். குறைந்த சுழற்சியில் உள்ளே வந்த கலவையையே வெளியே தள்ளிவிடும். தார்ச்சாலைப் பந்தயத்தில் அது பரவாயில்லை. மண்ணில் அப்படியில்லை. சேற்றில் ஒரு திருப்பத்தைக் கடந்து மேட்டில் ஏறும் ஓட்டுநர் இரண்டாம் கியரில் 3,000 சுழற்சியில் இருப்பார். அங்கே இழுவை இல்லாவிட்டால் 7,000-இல் கிடைக்கும் குதிரைத்திறன் அவருக்குப் பயன்படாது. திடீரென்று பொங்கும் திறன் இன்னும் மோசம். டயர் வழுக்கத் தொடங்கிவிட்டால் பக்கவாட்டுப் பிடிமானமும் சேர்ந்து போய்விடும்.

இங்கேதான் கிராங்கோடு சுழலும் ஃப்ளைவீலின் அருமை தெரிகிறது. கனத்த ஃப்ளைவீல் சுழற்சி வேகம் சட்டென்று எகிறுவதைத் தடுக்கிறது. பின்சக்கரம் பிடிமானத்தை இழக்கும் கணத்தைத் தள்ளிப்போடுகிறது. ஒரு பாறையில் மோதி வேகம் குறையும்போது, சேமித்து வைத்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து இன்ஜினை அணையவிடாமல் காக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பொதுப் புத்தி இந்த ஓர் உறுப்பில் பொய்த்துப்போகிறது. மண்ணில் ஓட்டுகிறவர்கள் காசு கொடுத்து ஃப்ளைவீலுக்கு எடை சேர்ப்பது அதனால்தான்.

பூட்டிய இன்ஜினைச் சோதிப்பது தனிக் கலை. கிளப்பியவுடன் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். இந்த இன்ஜினின் எண்ணெய் வண்டியின் சட்டகக் குழாய்க்குள் இருக்கிறது. பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெட்டில் இருக்கும் ராக்கர்களுக்குப் போதிய எண்ணெய் போக வேண்டுமென்று, வெளியே தனிக் குழாய் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. பிறகு சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, ஹெட் போல்ட்டுகளைச் சரிபார்த்து, மிதமான சுமையில் ஓட்டிப் பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டரோடு பழக்க வேண்டும். சுமையே இல்லாமல் நின்ற இடத்தில் ஓடவிட்டால் ரிங் படியாது. அதன்பின் லீக்-டவுன் சோதனை: பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை அடைத்தால் எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று காதாலேயே சொல்லிவிடலாம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் மூடியில் சீறினால் ரிங்.

திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றுவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான். டைனோ உண்மையில் அளப்பது முறுக்கு விசையை; குதிரைத்திறன் அதிலிருந்து கணக்கிட்டு வருவது. 6,000 சுழற்சியில் 40 நியூட்டன் மீட்டர் என்றால் 25 கிலோவாட், ஏறக்குறைய 34 குதிரைத்திறன். காலை 20 பாகை வெப்பத்தில் ஒரு தடவையும், மதியம் 35 பாகையில் இன்னொரு தடவையும் ஓட்டினால் காற்றின் அடர்த்தியில் மட்டும் 5 சதவீத வேறுபாடு வந்துவிடும். கம்ப்ரஷனைக் கூட்டி நாம் பெற்றது 3 சதவீதம் என்பதை நினைத்துப் பாருங்கள். வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துத் திருத்தாத டைனோ தாளுக்கு மதிப்பே இல்லை. மேலும், அறைக்குள் மின்விசிறியின் முன் நின்று ஓடும் இன்ஜினுக்கு மணலில் முக்கி முனகி நகரும் இன்ஜினின் சூடு தெரியாது. ஸ்பார்க் பிளக்கின் அடியில் வெப்ப உணரியைப் பொருத்திக் களத்தில் ஓட்டினால்தான் அது தெரியும். புழுதியும் களத்தில்தான் இருக்கிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயில் நனைத்த ஃபோம் ஃபில்டரில் ஓர் ஓரம் விலகியிருந்தாலும், பட்டறையில் பார்த்த அத்தனை வேலையும் ஒரே நாளில் தேய்ந்துவிடும்.

இதே இன்ஜினுக்கு மிகக் கடுமையான தேர்வை வைத்தது சஹாரா. 1978 டிசம்பர் 26-இல் பாரிஸில் தொடங்கிய முதல் பாரிஸ்-டக்கார் ஓட்டத்தில், 10,000 கி.மீ. தொலைவைக் கடந்து 1979 ஜனவரியில் வென்றவர் பிரான்ஸின் சிரில் நெவூ. கடையில் விற்ற வடிவத்திலிருந்து அதிகம் விலகாத எக்ஸ்டி 500-இல்தான் அவர் வென்றார். அடுத்த ஆண்டும் அதே வகை வண்டியில் வென்றார். மோட்டோகிராஸிலோ, எச்எல் 500-இல் ஓபெர்க் 1977 பருவத்தை ஒன்பதாம் இடத்தில் முடித்தார். 500 சி.சி. உலகப் பட்டம் மறுபடி ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு வந்தது 1993-இல், பெல்ஜியத்தின் ஜாக்கி மார்ட்டென்ஸ் ஹஸ்க்வர்னா வண்டியில் வென்றபோது.

உங்களிடம் ஒரு பழைய புல்லட்டோ யெஸ்டியோ இருந்து, அதை மண்ணில் ஓட்டும் ஆசையும் இருந்தால் ஒன்று சொல்வேன். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் எரிய, அதே எடை பெட்ரோலுக்குத் தேவையான அளவு காற்று வேண்டியதில்லை. அதனால் அந்தக் காலத்து ஜெட் (எரிபொருள் துளை) அளவோடு ஓடும் கார்புரேட்டரில் கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். பழைய ரப்பர் சீல்களும் ஊதிப்போகும். பெரிய பிஸ்டனையும் புது சைலன்சரையும் தேடும் முன், ஜெட்டையும் சீல்களையும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கை டயல் கேஜில் வைத்துச் சோதிக்கத் தெரிந்த பட்டறைக்காரரைக் கண்டுபிடித்து, அவர் எடுக்கும் ஒவ்வோர் அளவையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.