முண்டு மிளகாய் பிட்ஸா

பிட்ஸா என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும். "காய்ந்த ரொட்டி மேலே ரப்பர் மாதிரி எதையோ ஊற்றி, அதுக்கு இருநூறு ரூபாயா?" என்பார்கள். பிள்ளைகளோ விடுகிற பாடில்லை.

உண்மையில் அது பணக்காரப் பண்டமே இல்லை, சகோதரிகளே! இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் நின்று சாப்பிட்டதுதான். நம் நாட்டில் 1996-ல் டில்லியில் டாமினோஸும் பெங்களூரில் பிட்ஸா ஹட்டும் முதல் கடை திறந்தன. பன்னீர், தந்தூரி கோழி எல்லாம் மேலே ஏறி உட்கார்ந்து, நம் நாக்குக்குத் தக்கபடி அது மாறிவிட்டது. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பஞ்சாபிக்காரர் 1980-களிலேயே கீரை மசாலா தடவி பிட்ஸா விற்றிருக்கிறார். பஞ்சாபி செய்யலாம், ராமநாதபுரத்துக்காரி செய்யக்கூடாதா?

செய்தவள் பாம்பனில் இருக்கும் என் சிநேகிதி. அவள் வீட்டுக்காரர் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆள் திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை. இப்போது பிறத்தியார் படகில் கூலிக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்தக் கூலியும் நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்தைத் தாண்ட, வீட்டிலேயே பிட்ஸா செய்து ஆர்டருக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்கு யோசனை. கீழக்கரை லாத்தா, பரமக்குடியில் இருக்கும் ரிடையர்டு டீச்சர், நான் மூவரும் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். "மூஞ்சிக்காக நல்லாயிருக்குன்னு சொல்லாதீக அக்கா, இது வயித்துப் பாடு" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அவளிடம் ஓவன் கிடையாது. பாதி மைதா, பாதி கோதுமை மாவாக 2 டம்ளர், ஈஸ்ட் 1 டீஸ்பூன், சிட்டிகை சர்க்கரை, உப்பு, நல்லெண்ணெய் சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து மூடி வைத்தாள். பாம்பன் வெக்கைக்கு ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு பங்காக உப்பிவிட்டது. இரும்பு தோசைக்கல்லில் அடை கனத்துக்குத் தட்டி, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் சட்னியைத் தடவினாள்.

அந்தச் சட்னியில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஜில்லாவின் முண்டு மிளகாய்! குண்டாக, தோல் தடித்து இருக்குமே, அதேதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையை உதறிவிட்டு, வெந்நீரில் ஊற வைத்து, தக்காளி, பூண்டு சேர்த்து அரைத்து, எண்ணெயில் சுண்ட வதக்கியிருந்தாள். அதன் மேல் தண்ணீர் வற்றச் சுருட்டிய இறால் தொக்கு, சின்ன வெங்காயம், துருவிய சீஸ். மூடி போட்டு இளந்தீயில் சீஸ் உருகும்வரை வைத்தால் தீர்ந்தது. தொக்கில் ஈரம் இருந்தால் அடி சொதசொதத்துவிடும், ஜாக்கிரதை! டீச்சர் சைவம், அவருக்கு முருங்கைக்கீரை வதக்கிப் போட்டது தனி.

முதல் வாயிலேயே சுர்ரென்று ஏறியது. நான் தண்ணீர்ச் செம்பை எடுக்க, "தண்ணி வேணாங்க்கா, மோரு குடிங்க" என்று தடுத்தாள். அவள் சொன்னது சரிதான். மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது. பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும்தான் அதை நாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போகும். சீஸ் சேர்ந்த வாயில் காரம் மட்டுப்படுவதும் இதனால்தான்.

லாத்தா மெதுவாக மென்று, "எறா நல்லாத்தான் இருக்கு. பூண்டு தூக்கல். புள்ளைக திங்காதும்மா" என்றார். பிள்ளைகளுக்கு மிளகாயைப் பாதியாக்கித் தக்காளியைக் கூட்டுவது என்று முடிவாயிற்று. டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. ஒரே ஒரு துண்டும், கூடவே ஒரு கிண்ணம் வெள்ளரித் தயிர்ப் பச்சடியும் சாப்பிட்டார். சீஸிலேயே உப்பு இருப்பதால் தொக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அவர்தான். ரத்தக் கொதிப்புக்காரர் இல்லாத வீடு இந்தக் காலத்தில் ஏது? என்னைக் கேட்டால், இறாலைவிட முருங்கைக்கீரை பிட்ஸாதான் ஒரு படி மேல். லாத்தா ஒப்புக்கொள்ளவில்லை!

பிறகு கணக்கு. மாவு, சீஸ், இறால், கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 90 ரூபாய் அடக்கம், 110-க்கு விற்கலாம் என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் கைக்கூலியை எங்கே எழுதினாய்?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். "வீட்டு வேலைக்கு யாருக்கா கூலி போடுவாக?" டீச்சர் விடவில்லை. கூலி போட்டு 150 என்று எழுதச் செய்தார். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு.

தடைக்காலத்தில் இறால் விலை ஏறிவிடும். அதனால் அந்த இரண்டு மாதம் முருங்கைக்கீரையும் கோழியும் மட்டும்தான். லாத்தா தன் பேத்தி பிறந்தநாளுக்கு எட்டு பிட்ஸா சொல்லி, பாதிப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து அங்கேயே கொடுத்துவிட்டார்.